சூதாட்டச் சிக்கல் ஆலோசகர்களுக்கான பயிற்சியும் ஆதரவும்

சூதாட்டச் சிக்கல் ஆலோசகர் என்பவர், சூதாட்டத்தை விட முடியாமல் தவிப்பவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் பேச்சுவழிச் சிகிச்சையும் வழிகாட்டலும் அளிக்கும் பணியாளர் ஆவார். தமிழகத்தில் மனநல ஆலோசகர், ஆற்றுப்படுத்துநர் என்றும், இலங்கையில் உளவளத்துணையாளர் என்றும் அழைக்கப்படுவோரின் பணியில் இது ஒரு சிறப்புப் பிரிவாகும். குதிரைப் பந்தயம், லாட்டரி, கேசினோ, காசு வைத்து ஆடும் சீட்டாட்டம், விளையாட்டுப் போட்டிகளின் மீது கட்டப்படும் பந்தயம், கைப்பேசியில் ஆடும் பண ஆட்டங்கள் ஆகிய அனைத்தும் இவர் கையாளும் சிக்கல்களில் அடங்கும்.

மது, போதைப்பொருள் சிகிச்சையில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்கூடச் சூதாட்டச் சிக்கலுக்காகத் தனியே பயில வேண்டியிருக்கிறது. சான்றிதழ் பெற்ற பின்னரும், தம்மிடம் வருவோரைப் பற்றி அனுபவம் மிக்க ஒருவருடன் அவர் தொடர்ந்து கலந்து பேச வேண்டும் என்பது இத்துறையில் ஏற்கப்பட்ட நடைமுறை. முதல் தேவையைப் பலரும் ஒப்புக்கொள்கின்றனர். இரண்டாவது தேவைதான் நேரமும் பணமும் குறையும்போது முதலில் கைவிடப்படுகிறது.

தனிப் பயிற்சி தேவைப்படுவது ஏன்?

குடித்துவிட்டு வருபவரை வாசலிலேயே கண்டுகொள்ளலாம். சூதாடிவிட்டு வருபவரிடம் வாடை இல்லை, தள்ளாட்டம் இல்லை. இரத்தப் பரிசோதனையிலும் எதுவும் தெரியாது. பல குடும்பங்களில் கணவனோ மகனோ ஆண்டுக்கணக்கில் ஆடிவந்தது, கடன் கொடுத்தவர் வீட்டுக்கு வந்து நிற்கும் நாளில்தான் தெரியவருகிறது. வேறு காரணத்துக்காக, அதாவது தூக்கமின்மை, மனச்சோர்வு, குடும்பச் சண்டை என்று ஆலோசகரிடம் வருபவரும் சூதாட்டத்தைத் தாமாகச் சொல்வதில்லை. கேட்கத் தெரியாத ஆலோசகர், மாதக்கணக்கில் மனச்சோர்வுக்கு மட்டும் ஆலோசனை கூறிக்கொண்டிருக்கக் கூடும்.

இரண்டாவது வேறுபாடு பணம். மதுவுக்கு அடிமையானவர், இன்னொரு புட்டி தம் குடியைக் குணப்படுத்தும் என்று நம்புவதில்லை. சூதாடுபவரோ, இன்னும் ஒரே ஒரு பெரிய வெற்றி கிடைத்தால் கடன் முழுவதும் தீர்ந்துவிடும் என்று உண்மையாகவே நம்புகிறார். எப்போதாவது அப்படி ஒரு வெற்றி கிடைத்தும் விடுகிறது. நோயையே மருந்தாக நினைக்க வைக்கும் இந்த நிலை மற்றப் பழக்கங்களில் இவ்வளவு வெளிப்படையாக இல்லை. மேலும், மதுவை வீட்டிலிருந்து அகற்றிவிடலாம். பணத்தை அகற்ற முடியாது. அரிசி வாங்கவும் பள்ளிக் கட்டணம் கட்டவும் அதே பணம்தான் வேண்டும்.

மூன்றாவது காரணம் உயிராபத்து. சுவீடனில் அரசுப் பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, சூதாட்டக் கோளாறு உள்ளதாக மருத்துவமனைகளில் பதிவானவர்களிடையே (20 முதல் 74 வயது வரை) தற்கொலையால் ஏற்படும் இறப்பு பொது மக்களைக் காட்டிலும் சுமார் 15 மடங்கு இருந்ததாகக் கண்டது. மருத்துவமனை வரை வந்தவர்கள் நோய் முற்றியவர்கள் என்பதைக் கணக்கில் கொண்டாலும் இது அஞ்சத்தக்க அளவாகும். ஆகவே இந்தப் பணிக்கு வரும் ஆலோசகர், முதல் சந்திப்பிலேயே உயிராபத்தை மதிப்பிடக் கற்றிருக்க வேண்டும்.

நோயாக ஏற்கப்பட்ட வரலாறு

சூதாடுபவர்களுக்கான முதல் ஒழுங்கான உதவி மருத்துவர்களிடமிருந்து வரவில்லை. 1957இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், பழக்கத்தை விட விரும்பிய சிலர் கூடி ‘கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்’ என்ற தன்னுதவிக் குழுவைத் தொடங்கினர். குடியை விட்டவர்களின் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பே அதற்கு முன்மாதிரி. 1972இல் ஒகையோ மாநிலத்தின் பிரெக்ஸ்வில் நகரிலிருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், இராபர்ட் கஸ்டர் என்னும் மனநல மருத்துவர், அக்குழுவினர் கேட்டுக்கொண்டதன் பேரில், சூதாட்டத்துக்கென உள்நோயாளர் பிரிவைத் தொடங்கினார். சூதாட்டச் சிக்கலுக்கான அமெரிக்கத் தேசியக் குழுவும் அதே ஆண்டில் தோன்றியது.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் ‘டி.எஸ்.எம்.’ நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இதை முதன்முறையாக ஒரு கோளாறாகச் சேர்த்தது. ஆனால் உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் வரிசையில், தீ வைக்கும் உந்துதல், திருடும் உந்துதல் ஆகியவற்றின் பக்கத்தில் அதற்கு இடம் கொடுத்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை அங்கிருந்து எடுத்து, மது, போதைப்பொருள் கோளாறுகள் உள்ள அத்தியாயத்துக்கு மாற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 11ஆம் திருத்தமும் (2022 முதல் நடைமுறை) அதைப் பழக்க அடிமைத்தனங்களின் கீழ் வைத்துள்ளது.

வெறும் பெயர் மாற்றம் போலத் தோன்றும் இதற்குப் பயிற்சியைப் பொறுத்தவரை பெரிய விளைவு உண்டு. அதுவரை போதை மீட்பு ஆலோசகர்களின் பாடத்தில் சூதாட்டம் ஓர் ஓரக்குறிப்பாகவே இருந்தது. இப்போது அது தம் துறையைச் சேர்ந்ததன்று என்று அவர்கள் சொல்ல இயலாது.

கேட்கக் கற்றல்

பயிற்சியின் முதல் பாடம், சூதாட்டத்தைப் பற்றி எப்படிக் கேட்பது என்பதாகும். “நீங்கள் சூதாடுவீர்களா?” என்று கேட்டால் பெரும்பாலும் “இல்லை” என்ற பதிலே வரும். வாரம் மூன்று லாட்டரிச் சீட்டு வாங்குபவரோ, கிரிக்கெட் போட்டிக்குப் பந்தயம் கட்டுபவரோ தம்மைச் சூதாடி என்று நினைப்பதில்லை. எனவே ஆட்டத்தின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும்.

இதற்கென வினாத்தாள்கள் உள்ளன. மிகச் சிறியது இரண்டே கேள்விகளைக் கொண்டது: மேலும் மேலும் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும் என்று தோன்றியதுண்டா? எவ்வளவு ஆடினீர்கள் என்பதை வேண்டியவர்களிடம் மறைத்துப் பொய் சொல்ல நேர்ந்ததுண்டா? இரண்டில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் மேலும் விசாரிக்க வேண்டும். 1987இல் லெசியர், புளூம் ஆகியோர் உருவாக்கிய சவுத் ஓக்ஸ் வினாத்தாள் நெடுங்காலம் பயன்பட்டது. 2001இல் கனடாவில் உருவான பி.ஜி.எஸ்.ஐ. என்னும் அட்டவணை இன்று பரவலாக உள்ளது. அதில் 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27இல் 8 அல்லது அதற்கு மேல் பெற்றால் சிக்கல் முற்றியதாகக் கொள்ளப்படும்.

நோயை உறுதி செய்ய டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பு 9 அறிகுறிகளைத் தருகிறது. ஓராண்டுக் காலத்தில் அவற்றுள் நான்கேனும் இருக்க வேண்டும். இழந்ததை மீட்க மறுநாளே திரும்பி ஆடுதல், ஆட்டத்தைக் குறைக்க முயன்று தோற்றல், ஆடாதபோது எரிச்சல், பொய், வேலையையோ உறவையோ இழத்தல், கடனை அடைக்கப் பிறரை நம்பியிருத்தல் ஆகியவை அவற்றுள் சில. முந்தைய பதிப்பில் இருந்த ‘சட்டவிரோதச் செயல்’ என்ற அறிகுறி நீக்கப்பட்டுவிட்டது.

வினாத்தாளில் இல்லாத ஒரு கேள்வியையும் ஆலோசகர் கற்றுக்கொள்ள வேண்டும்: என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்சோல், ரோப்பினிரோல் போன்ற மருந்துகள் சிலரிடம் திடீரெனச் சூதாடும் உந்துதலை உண்டாக்குகின்றன. மனநோய்க்குத் தரப்படும் அரிப்பிப்ரசோல் மருந்தைப் பற்றியும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016இல் இவ்வாறு எச்சரித்தது. அறுபது வயது வரை சீட்டுக் கட்டையே தொடாத ஒருவர் திடீரென ஆடத் தொடங்கினால், அவருக்கு முதலில் தேவைப்படுவது மருந்தைச் சரிபார்க்கும் மருத்துவர். மருந்தைத் தாமாக நிறுத்தச் சொல்லும் உரிமை ஆலோசகருக்கு இல்லை என்பதும் அதே பாடத்தில் சொல்லித்தரப்படுகிறது.

ஆட்டத்தின் கணக்கு

ஆலோசகர் சூதாட வேண்டியதில்லை. ஆனால் ஆட்டம் எப்படி நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள் உள்ளன. ஓர் எண்ணின் மீது 100 ரூபாய் கட்டி வென்றால், கட்டிய பணத்துடன் சேர்த்து 3,600 ரூபாய் கிடைக்கும். ஒருவர் எல்லா எண்களின் மீதும் 100 ரூபாய் கட்டினால் 3,700 ரூபாய் செலவாகும்; எந்த எண் வந்தாலும் 3,600 திரும்பும். சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் 100 ரூபாய் நிச்சயமாக நட்டம். இது ஏறத்தாழ 2.7 விழுக்காடு. ஆடும் நேரம் நீள நீள, இந்தச் சிறு விழுக்காடு கையிருப்பைத் தின்றுவிடும்.

ஆனால் கணக்கு தெரிந்தால் மட்டும் பழக்கம் போய்விடாது. கணக்காசிரியர்களும் வங்கி ஊழியர்களும் சூதாட்டத்தில் சிக்குகிறார்கள். ஆடும் நேரத்தில் மனம் வேறு கணக்குப் போடுகிறது. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை இந்த இரண்டாவது கணக்கைத்தான் எடுத்துப் பார்க்கிறது. 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் மாண்டி கார்லோ கேசினோவில் ரூலெட் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. இனிச் சிவப்புதான் வந்தாக வேண்டும் என்று எண்ணி மேன்மேலும் பணம் கட்டியவர்கள் பெருந்தொகைகளை இழந்தனர். பந்துக்கு நினைவாற்றல் கிடையாது. முந்தைய சுற்று எதுவானாலும் அடுத்த சுற்றில் வாய்ப்பு அதேதான். பயிற்சி வகுப்புகளில் நாணயத்தைச் சுண்டி முடிவுகளை எழுதிவரச் செய்தால், ஐந்து ஆறு தலைகள் அடுத்தடுத்து விழுவது எவ்வளவு சாதாரணம் என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

இன்னொரு மயக்கம், தன் கையில் கட்டுப்பாடு இருப்பதாக நினைப்பது. உளவியலாளர் எலன் லாங்கர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், 1 டாலர் லாட்டரிச் சீட்டைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் அதை விற்கச் சராசரியாக 8 டாலருக்கு மேல் கேட்டனர். கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டவர்கள் சுமார் 2 டாலரே கேட்டனர். இரண்டு சீட்டுகளுக்கும் வெல்லும் வாய்ப்பு ஒன்றுதான். கைப்பேசி ஆட்டத்தில் விரலால் தொட்டு நிறுத்தச் சொல்வதும், நமக்கு நாமே அணியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் இந்த மயக்கத்தையே வளர்க்கின்றன. மயிரிழையில் தவறிய தோல்வி, மூளையில் வெற்றிக்குரிய பகுதிகளையே தூண்டுவதாகக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009இல் காட்டினர். ‘கொஞ்சத்தில் போய்விட்டது’ என்று ஒருவர் சொல்லும்போது அதை வெறும் பேச்சாக விட்டுவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

அறிவுரை கூறாமை

பயிற்சியில் மிகக் கடினமானது எதுவென்றால் அறிவுரையை அடக்கிக்கொள்வதுதான். தமிழ் வாசகருக்கு இதை எளிதாக விளக்கலாம். திருக்குறளில் சூதுக்கென்றே 94ஆம் அதிகாரம் உள்ளது. தருமனும் நளனும் நாட்டை இழந்த கதை எல்லோருக்கும் தெரியும். சிகிச்சைக்கு வருபவரும் அவற்றைப் படித்தவர்தாம், கேட்டவர்தாம். சூது கெட்டது என்பதைத் தெரிந்துகொள்வதற்காக அவர் வரவில்லை.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முதலில் விவரித்து, பின்னர் ஸ்டீபன் ரால்னிக்குடன் சேர்ந்து வளர்த்த ‘ஊக்க நேர்காணல்’ முறை இங்கே பயன்படுகிறது. விட வேண்டும் என்ற எண்ணமும் விட முடியாது என்ற எண்ணமும் ஒரே மனிதருக்குள் சண்டையிடுகின்றன. ஆலோசகர் முதல் எண்ணத்துக்காக வாதாடத் தொடங்கினால், எதிரில் இருப்பவர் இரண்டாவது எண்ணத்துக்காக வாதாடத் தொடங்கிவிடுவார். எனவே மாற்றத்துக்கான காரணங்களை அவர் வாயிலிருந்தே வரச் செய்யும் கேள்விகள் பழக்கப்படுத்தப்படுகின்றன. கேட்பதற்கு எளிது. ஒரு வகுப்பில் இரண்டிரண்டு பேராக அமர்ந்து பழகும்போது, ஐந்து நிமிடம் அறிவுரை கூறாமல் இருப்பவர்கள் மிகக் குறைவு. ஆசிரியப் பணியிலிருந்து வந்தவர்களுக்கு இன்னும் கடினம்.

கடனும் குடும்பமும்

சூதாட்ட ஆலோசனை அறையில் பாதி நேரம் பணத்தைப் பற்றியே பேச்சு நடக்கும். உளவியல் பட்டம் பெற்றவர்களுக்கு இதில் பழக்கம் இருப்பதில்லை. பணத்தைப் பற்றிக் கேட்பதை நாகரிகக் குறைவாகவும் நினைக்கிறார்கள். தமிழ்க் குடும்பம் ஒன்றில் எழக்கூடிய காட்சியைக் கொண்டு இதைப் பார்க்கலாம். கணவர் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். மனைவி கேட்கிறார்: “சார், என் நகையை அடகு வெச்சு இந்தக் கடனை மட்டும் அடைச்சிடவா? இதுதான் கடைசின்னு அவர் புள்ளை மேல சத்தியம் பண்ணியிருக்காரு.”

புதிதாகப் பயில்பவர் பெரும்பாலும் “கொடுக்காதீங்கம்மா” என்று சொல்லிவிடுவார். முழுக் கடனையும் ஒரே தவணையில் குடும்பம் அடைத்துவிட்டால், ஆடியவருக்கு அதன் சுமை தெரியாமலே போய், மறுபடியும் கடன் வாங்க வழி திறந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் வெறுமனே ‘கொடுக்காதீர்கள்’ என்று அனுப்பிவிட்டால், மறுநாள் வாசலில் வந்து நிற்கும் கந்துவட்டிக்காரரை அந்த அம்மாள் தனியே எதிர்கொள்ள வேண்டும். பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் எல்லாக் கடன்களையும் ஒரு தாளில் எழுதச் சொல்வார்: வங்கி, நகைக்கடன், கைமாற்று, கடன் செயலி, அலுவலக முன்பணம். ஒன்றிரண்டு மறைக்கப்படும் என்பதையும் எதிர்பார்த்திருப்பார். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் கட்டணமும் முதலில் ஒதுக்கப்படும். எந்தப் பணமானாலும் ஆடியவர் கையில் கொடுக்காமல் கடன்காரருக்கு நேரே செலுத்த வேண்டும். சம்பளக் கணக்கு, வங்கி அட்டை ஆகியவற்றைச் சில காலத்துக்கு யார் வைத்திருப்பது என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். நகையைப் பற்றிய முடிவு மனைவியுடையது; அதை அன்றே எடுத்தாக வேண்டியதில்லை என்பதை அவருக்குச் சொல்வதே பெரிய உதவி. மிரட்டல் இருந்தால் அது சட்டத்தின் பக்கம் போக வேண்டிய சிக்கல். தமிழகத்தில் அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்கும் சட்டம் 2003 முதல் உள்ளது.

ஆலோசகர் செய்யக் கூடாதவையும் உண்டு. கடன் கொடுப்பது, வருபவரின் பணத்தைத் தம்மிடம் வாங்கி வைப்பது, கடன்காரரிடம் பொறுப்பேற்றுப் பேசுவது ஆகிய மூன்றும் நல்ல மனத்தோடு செய்யப்படும் தவறுகள். வென்ற பணத்தில் கட்டண பாக்கியைக் கொண்டுவந்து வைப்பவரிடம் என்ன சொல்வது என்பதும் வகுப்பில் விவாதிக்கப்பட வேண்டிய கேள்விதான்.

உயிராபத்தை மதிப்பிடுதல்

கடன் முழுவதும் வீட்டுக்குத் தெரியவரும் நாள் மிகவும் ஆபத்தான நாள். பெரிய தோல்வி நேர்ந்த இரவும் அவ்வாறே. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கும் உண்டு. நேராகக் கேட்பது தீங்கு செய்வதில்லை என்றும், வருபவருக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. காப்பீட்டுத் தொகையைப் பற்றிய பேச்சு, “நான் இல்லாவிட்டால் கடன் தீர்ந்துவிடும்” என்பது போன்ற சொற்கள் ஆகியவற்றை ஆலோசகர் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அத்தகைய நிலையில் அவரைத் தனியே அனுப்பாமல், குடும்பத்தினர் ஒருவரின் துணையோடு மனநல மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் மனநல உதவியைத் தொலைபேசி வழியாகப் பெறலாம்.

சான்றிதழ்

அமெரிக்காவில் பன்னாட்டுச் சூதாட்ட ஆலோசகர் சான்றளிப்பு வாரியம் இரண்டு நிலைகளில் சான்றிதழ் வழங்குகிறது. முதல் நிலைக்குச் சூதாட்டம் தொடர்பான 30 மணி நேரப் பயிற்சியும், இரண்டாம் நிலைக்கு 60 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். இவற்றோடு நேரடி அனுபவம், தேர்வு, வாரியம் ஏற்றுக்கொண்ட மூத்த ஆலோசகருடன் குறிப்பிட்ட மணி நேரக் கலந்தாய்வு ஆகியவையும் தேவை. 30 மணி நேரம் என்பது அதிகம் அன்று. ஏற்கெனவே ஆலோசனைப் பணி தெரிந்தவருக்கான கூடுதல் படிப்பு அது. தொடக்கப் படிப்பாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கிலாந்தில் தேசிய நலவாழ்வுச் சேவையின் முதல் சூதாட்டச் சிகிச்சையகம் 2008இல் இலண்டனில் மனநல மருத்துவர் ஹென்றியெட்டா போடன்-ஜோன்ஸ் தலைமையில் தொடங்கப்பட்டது. மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு, சூதாட்டத் தீங்குகளுக்கான நெறிமுறையை 2025 ஜனவரியில்தான் வெளியிட்டது. மது, புகை ஆகியவற்றைப் பற்றிக் கேட்பதைப் போலவே சூதாட்டத்தைப் பற்றியும் மருத்துவப் பணியாளர்கள் கேட்க வேண்டும் என்று அது கூறுகிறது. சிறப்பு ஆலோசகர் மட்டுமல்லாமல், குடும்ப மருத்துவரும் செவிலியரும்கூடச் சிறிதளவு பயிற்சி பெற வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

மேற்பார்வை என்னும் ஆதரவு

மேற்பார்வை என்ற சொல்லைக் கேட்டதும் பள்ளிக்கு வரும் ஆய்வாளரின் நினைவு வரலாம். இங்கே அதன் பொருள் வேறு. மூத்த ஆலோசகர் ஒருவருடன் மாதந்தோறும் அமர்ந்து, தாம் கையாளும் ஆட்களைப் பற்றி, பெயரைச் சொல்லாமல், பேசித் தெளிவதே இது. பிரிட்டிஷ் ஆலோசகர் சங்கமான பி.ஏ.சி.பி. தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கு மாதம் ஒன்றரை மணி நேர மேற்பார்வையைக் குறைந்த அளவாக வைத்துள்ளது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் இது உண்டு.

சூதாட்டச் சிக்கலில் இது ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது? பொய், இந்த நோயின் அறிகுறிகளுள் ஒன்று. மூன்று மாதமாக ஆடவில்லை என்று சொல்லி வந்தவர், வாரந்தோறும் ஆடியிருந்தது தெரியவரும்போது ஆலோசகருக்குக் கோபம் வருகிறது. தாம் ஏமாந்துவிட்டதாக வெட்கமும் வருகிறது. அந்தக் கோபத்தோடு அடுத்த சந்திப்புக்குப் போனால் அவர் விசாரணை அதிகாரியாக மாறிவிடுவார். வருபவரும் அத்துடன் நின்றுவிடுவார். அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் வேண்டும்; மேற்பார்வை அதைத் தருகிறது. சிலர் இதற்கு நேர்மாறாக, வருபவரின் வெற்றிக் கதைகளில் தாமும் மகிழ்ந்து போவதுண்டு. அதையும் வெளியிலிருந்து ஒருவர்தான் சுட்டிக்காட்ட முடியும்.

நம்பகத்தைக் காப்பது பற்றிய சிக்கல்களும் இங்கேதான் பேசப்பட வேண்டும். அலுவலகப் பணத்தை எடுத்து ஆடியதாக ஒருவர் சொல்கிறார். அதை வெளியே சொல்லலாமா, எந்த நிலையில் சட்டம் சொல்லச் சொல்கிறது, மனைவி கேட்டால் என்ன பதில் என்பன போன்ற கேள்விகளுக்குத் தனியொருவர் நள்ளிரவில் விடை தேடக் கூடாது.

ஆலோசகரின் சோர்வு

தொடர்ந்து பிறர் துயரம் கேட்போருக்கு நேரும் சோர்வை 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக் மூன்று கூறுகளாக அளந்து காட்டினார்: மன வறட்சி, வருபவரை ஆளாகக் கருதாமல் கோப்பாகக் கருதும் போக்கு, தம் பணியால் பயனில்லை என்ற எண்ணம். சூதாட்ட ஆலோசகருக்கு மூன்றாவது கூறு எளிதில் வந்துவிடும், ஏனெனில் மீண்டும் ஆட்டத்துக்குத் திரும்புதல் இதில் அடிக்கடி நிகழ்வது. வந்தவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால், அவருக்குச் சிகிச்சை அளித்தவரும் துக்கத்தில் இருப்பவரே. அந்த வாரத்தில் அவருடைய பணிச்சுமையைக் குறைப்பதும், நடந்ததைக் குற்றம் சாட்டாமல் உடன் அமர்ந்து பேசுவதும் நிறுவனத்தின் கடமை. பல இடங்களில் நடப்பது வேறு: முதலில் கேட்கப்படுவது, பதிவேடு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதே.

முன்பு தாமே சூதாடி மீண்டவர்கள் துணையாளர்களாகவும் ஆலோசகர்களாகவும் பணிபுரிவது உண்டு. அவர்களிடம் பொய் எளிதில் செல்லாது. வருபவருக்கும் நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் நாள்தோறும் ஆட்டக் கதைகளைக் கேட்பது அவர்களுக்குத் தனி ஆபத்து. தம் கதையை எவ்வளவு சொல்வது, எப்போது விடுப்பு எடுப்பது என்பவற்றை அவர்களுடன் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

செலவை ஏற்பது யார்?

சூதாடிப் பணம் இழந்தவரால் சிகிச்சைக் கட்டணம் கட்ட முடியாது. ஆகவே வேறொருவர் செலவை ஏற்க வேண்டும். பிரிட்டனில் நெடுங்காலம் சூதாட்ட நிறுவனங்கள் விருப்பப்படி தந்த நன்கொடையில்தான் பெரும்பகுதிச் சிகிச்சையும் ஆய்வும் நடந்தன. நட்டம் விளைவிப்பவரே மருத்துவச் செலவைத் தரட்டும் என்பது நியாயமாகத் தோன்றினாலும், கொடுப்பவர் விரும்பினால் குறைக்கலாம் என்ற நிலையில் ஆலோசகருக்குப் பணிப் பாதுகாப்போ பேச்சுச் சுதந்திரமோ இருப்பது கடினம். 2025 ஏப்ரல் முதல் அங்கே கட்டாய வரி நடைமுறைக்கு வந்தது. இணையவழி நிறுவனங்கள் தம் சூதாட்ட வருவாயில் 1.1 விழுக்காட்டைச் செலுத்த வேண்டும். திரளும் தொகையில் பாதி சிகிச்சைக்கும், 30 விழுக்காடு தடுப்புப் பணிக்கும், 20 விழுக்காடு ஆய்வுக்கும் செல்கிறது.

தமிழ் வழங்கும் இடங்களில்

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றான சிங்கப்பூரில், கேசினோக்களுக்கு அனுமதி அளிக்க முடிவெடுத்த 2005ஆம் ஆண்டிலேயே சிக்கல் சூதாட்டத் தடுப்புக்கான தேசிய மன்றமும் அமைக்கப்பட்டது. கேசினோக்கள் 2010இல்தான் திறக்கப்பட்டன. ஒருவர் தம்மைக் கேசினோவுக்குள் விடக் கூடாது என்று தாமே பதிந்துகொள்ளலாம். குடும்பத்தினரும் அவருக்காகத் தடை கோரி விண்ணப்பிக்கலாம். அங்குள்ள ஆலோசகர் இந்த விண்ணப்ப முறையையும் அறிந்திருக்க வேண்டியவராகிறார்.

தமிழ்நாட்டில் லாட்டரி 2003இல் தடை செய்யப்பட்டது. இணையச் சூதாட்டத்தைத் தடை செய்யும் மாநிலச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ரம்மி, போக்கர் ஆகியவற்றை அதன் தடைப்பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பளித்தது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுதும் தடுக்கும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அச்சட்டத்தின் தண்டனை நடத்துவோருக்கும் விளம்பரம் செய்வோருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுவோருக்கும் உரியது, ஆடுபவருக்கு அன்று. சிகிச்சைக்கு வந்தால் வழக்கு வருமோ என்று அஞ்சுபவரிடம் ஆலோசகர் இதை எடுத்துச் சொல்லலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 2014 முதல் இயங்கும் ‘ஷட்’ சிகிச்சையகம் கைப்பேசி, இணையப் பழக்கச் சிக்கல்களுக்கு ஆலோசனை அளித்து வருகிறது.

மேலைநாட்டு வினாத்தாளைத் தமிழில் பெயர்த்துப் பயன்படுத்துவோர் சொற்களிலும் விழிப்பாக இருக்க வேண்டும். “சீட்டில் எவ்வளவு போட்டீர்கள்?” என்று கேட்டால், ஒருவருக்கு அது ரம்மி, இன்னொருவருக்கு லாட்டரிச் சீட்டு, மூன்றாமவருக்கு மாதந்தோறும் கட்டிவரும் ஏலச்சீட்டு. மூன்றாமவர் சேமிக்கிறவராகவே இருக்கலாம். அல்லது சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்து அந்தப் பணத்தை ஆட்டத்தில் விட்டவராகவும் இருக்கலாம். இன்னொரு கேள்வி கேட்ட பிறகே அது தெரியும்.